பூட்டிக் கிடக்குற வீட்டுல இளவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு மனநல முகாம்: யோசனை சொல்லுங்க

வளவுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்குறது சிங்கப்பூர், சொந்த ஊரு செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கம். ஐயா காலத்து வீடு. முன்னோருக்குப் படையல் போடுற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறதோட சரி, மத்த நாளெல்லாம் பூட்டுதான். போன தடவை வந்திருந்தப்ப கேட்ட சேதி எதுவும் நல்லா இல்ல. பிளஸ் டூல மார்க் குறைஞ்ச ஒரு பையன் யார்ட்டயும் சொல்லாம வீட்டை விட்டுப் போயிட்டான். பாலிடெக்னிக்கைப் பாதியில விட்ட பசங்க ராத்திரி பூரா போனும் கையுமா உட்கார்ந்திருக்காங்க, பாக்கெட் புகையிலை வேற. ஒரு பொண்ணு ரெண்டு மாசமா வீட்டை விட்டே வெளிய வரலையாம்.

பங்காளிகள்ட்ட பேசினேன், ஒரு தொகை ஒதுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பொங்கல் லீவுல ஒரு நாள் முகாம் வைக்கலாம்னு நினைப்பு. சென்னையில இருந்து நல்லாப் பேசுற ஒருத்தர், மனநல டாக்டர் ஒருத்தர், மதியம் சாப்பாடு, பிள்ளைகளுக்கு டீ-ஷர்ட். இருநூறு பேராவது வரணும். நடத்தின அனுபவம் யாருக்காச்சும் இருந்தா என்ன செலவாகும்னு சொல்லுங்க.

ரெய்டர் தம்பி

அண்ணே, சாப்பாடு நல்லா இருந்தா முந்நூறு பேரே வருவாய்ங்க. மறுநாள் அவய்ங்க எங்க போவாய்ங்க, அதைச் சொல்லுங்க.

பழைய காரைக்குடி

எனக்கு இந்த மனநலப் பேச்சே ஒத்துக்கல. எங்க ஐயா பதிமூணு வயசுல பெட்டியடிப் பையனா, அதான் கடையில எடுபிடியா, பர்மாவுக்குக் கப்பல் ஏறினவரு. ஆத்தா முகம் பார்க்காம மூணு வருசம். அவருக்கு யாரு கவுன்சிலிங் கொடுத்தா? இப்ப ஒரு பரீட்சையில ஃபெயிலானாலே டாக்டர்ங்குறாங்க. போனைப் பிடுங்கிட்டு வேலைக்கு அனுப்புங்க, எல்லாம் சரியாயிடும்.

மதுரைக்காரி

@பழைய காரைக்குடி ஐயா, உங்க ஐயா கதையையே எடுத்துக்குவோம். கப்பல்ல போனாரு, சரி. போய் இறங்குன இடத்துல நம்ம ஆளுங்க தங்கித் தொழில் பண்ற கிட்டங்கி இருந்துச்சு. கடையைப் பார்த்துக்குற மேலாள் இருந்தாரு, அவருக்குக் கீழ அடுத்தாள். ரெண்டு பேரும் ஊர்க்காரங்க, சொந்தக்காரங்க. பையன் ரெண்டு நாளாச் சாப்பிடலன்னா மூணாம் நாளு ஒருத்தர் கேட்டிருப்பாரு. இன்னைக்கு ஒரு இளவட்டப் பையன் திருப்பூர்லயோ சென்னையிலயோ ரூம் எடுத்து வேலை பார்க்கிறான். அவன் சாப்பிடலன்னு யாருக்குத் தெரியும்?

நான் மனநலத் துறையில சமூகப் பணியாளரா இருக்கேன். வளவுக்காரன் அண்ணே, முகாமைப் பத்தி நேராவே சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. மேடைப் பேச்சு பிள்ளைகளுக்கு அன்னைக்கு நல்லா இருக்கும். நிஜமாவே ஆபத்துல இருக்குற பிள்ளை, அதாவது தூக்கமில்லாம, "நான் எதுக்கு இருக்கேன்"னு நினைச்சுக்கிட்டு இருக்குற பிள்ளை, அந்தக் கூட்டத்துல கடைசி வரிசையில உட்கார்ந்துட்டுப் போயிடும். "முயன்றால் முடியாதது இல்லை"ன்னு ஒருத்தர் மைக்குல சொல்லச் சொல்ல, "நம்மால முடியல, அப்ப தப்பு நம்ம மேலதான்"னு அது எடுத்துக்கும். நான் கண்ணால பார்த்தது இது.

பெங்களூர்ல இருக்குற மனநல நிறுவனம் நிமான்ஸ் 2015-16ல நடத்தின தேசிய மனநலக் கணக்கெடுப்புல 13 முதல் 17 வயசுக்குள்ள 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு வந்துச்சு. உங்க இருநூறு பேர்ல பதினாலு, பதினஞ்சு பேருன்னு வச்சுக்குங்க. அந்தப் பதினஞ்சு பேரு யாருன்னு ஒரு நாள்ல உங்களால கண்டுபிடிக்க முடியாது.

வளவுக்காரன்

கோவமெல்லாம் இல்ல ஆச்சி. ஆனா பணம் கொடுக்குறவங்களுக்கு ஏதாச்சும் கண்ணுல காட்டணுமே. முகாம்னா போட்டோ இருக்கும், பங்காளிகளும் திருப்தியாயிடுவாங்க. முகாம் வேண்டாம்னா வேற எது வேலைக்கு ஆகும், அதைச் சொல்லுங்க.

மதுரைக்காரி

ரெண்டு ஆராய்ச்சி சொல்றேன். முதல்ல நம்ம நாட்டுது. பீகார்ல நாளந்தா மாவட்டத்துல 74 அரசுப் பள்ளிகள்ல சேஹர்னு ஒரு திட்டம் நடத்தி, 2018ல லான்செட் மருத்துவ இதழ்ல முடிவை வெளியிட்டாங்க. கோவாவுல இருக்குற சங்காத் அமைப்போட வேலை. பள்ளிகளை மூணா பிரிச்சாங்க. ஒரு பிரிவுல, டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ இல்லாத, பயிற்சி மட்டும் கொடுத்த சாதாரண ஆளு ஒருத்தரை ஒவ்வொரு பள்ளிக்கும் போட்டாங்க. இன்னொரு பிரிவுல அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியர்ட்டயே கொடுத்தாங்க. மூணாவதுல வழக்கமான வகுப்பு மட்டும். தனியா ஆள் போட்ட பள்ளிகள்ல மனச்சோர்வு குறைஞ்சுச்சு, பிள்ளைகளுக்குள்ள அடிதடி, கேலி, மிரட்டல் குறைஞ்சுச்சு. ஆசிரியர்ட்ட கொடுத்த இடத்துல ஒரு மாற்றமும் இல்ல.

ரெண்டாவது ஐரோப்பாவுல. பத்து நாடு, 168 பள்ளி, பதினோராயிரத்துக்கும் மேல பிள்ளைகள், 2015ல வந்த முடிவு. மூணு வழியைச் சோதிச்சாங்க: ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்குறது, பிள்ளைகளைப் பரிசோதிச்சுப் பிரச்சனை உள்ளவங்களை டாக்டர்ட்ட அனுப்புறது, பிள்ளைகளையே உட்கார வச்சு நடிச்சுக் காட்டிப் பேச வைக்கிறது. ஒரு வருசம் கழிச்சுப் பார்த்தப்ப, மூணாவது வழியில போன பிள்ளைகள்ட்ட தற்கொலை முயற்சி ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. மத்த ரெண்டுலயும் சொல்ற அளவுக்கு வித்தியாசம் இல்ல.

ஓய்வு வாத்தியார்

அம்மா, ஆசிரியர்களால் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் கேட்கிறேன். எத்தனை பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் வீடு தேடிப் போய் அழைத்து வந்திருக்கிறோம், அதெல்லாம் கணக்கில் வராதா?

இருந்தாலும் அந்த ஆராய்ச்சி சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காரணமும் தெரியும். பையன் என்னிடம் மனசு விட்டுப் பேசினால், நாளைக்கு அவன் விடைத்தாளைத் திருத்தப் போவதும் நான்தான், பெற்றோர் கூட்டத்தில் அவன் அப்பா எதிரில் உட்காரப் போவதும் நான்தான். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். அது போக ரெக்கார்டு, எமிஸ் என்ற கணினித் தளத்தில் பள்ளி விவரப் பதிவு, தேர்தல் வேலை. அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சீட்டு எழுதிப் போடலாம். நல்ல யோசனைதான். ஆனால் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள், பல பள்ளிகளில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருக்கும். யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எந்தப் பிள்ளை வந்து போடும்?

புதுவயல் மக

எல்லாரும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னே பேசுறீங்க. பள்ளிக்கூடத்துல இருக்குற பிள்ளைக்காவது ரிஜிஸ்டர்ல பேரு இருக்கு. எங்க பக்கம் அரிசி மில்லுல மூட்டை தூக்குறவன், வண்டிக்கு லோடு ஏத்துறவன், சமையல் கான்ட்ராக்டுக்கு எடுபிடியாப் போறவன், இவங்களுக்கெல்லாம் பதினேழு, பதினெட்டு வயசுதான். பாதிப் பேரு பத்தாவதோட நின்னவங்க.

ஆத்தங்குடியில எங்க மாமன் பையன் டைல்ஸ் பட்டறையில இருக்கான். கண்ணாடி மேல இரும்பு அச்சை வச்சு, கரண்டியில கலர் கலரா சிமெண்டுக் கலவையை ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்தணும். கை கொஞ்சம் நடுங்குனாலும் ஒரு கலர் இன்னொண்ணுல ஓடிப் பூவு கலைஞ்சிடும். ஒரு நாளு வரிசையாக் கல்லு வீணாச்சு. மேஸ்திரி திட்டல. எல்லாரும் போன பிறகு டீ வாங்கிக் கொடுத்து, "ராத்திரி தூங்குறியாடா?"ன்னு மட்டும் கேட்டிருக்காரு. அப்புறம்தான் எல்லாம் வெளிய வந்துச்சு. லோன் ஆப்புல கடன் வாங்கி ஆன்லைன் ரம்மியில விட்டிருக்கான், போட்டோவை மாத்தி அனுப்புவோம்னு மிரட்டுறாங்க, அவன் என்னென்னமோ யோசிச்சு வச்சிருக்கான். மேஸ்திரியே கூட்டிக்கிட்டுப் போயி சைபர் கிரைம்ல புகார் கொடுக்க வச்சாரு. அவருக்கு மனநலம்னா என்னன்னு ஒரு வகுப்பும் யாரும் எடுக்கல.

நர்ஸ் அக்கா

அந்த மேஸ்திரி செஞ்சதைத்தான் நாங்க பயிற்சியில படிக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தோட மனநல முதலுதவிக் கையேட்டுல மூணே வேலைதான்: கவனி, காது கொடு, சரியான இடத்துல சேர்த்து விடு. புத்தி சொல்றது அந்தப் பட்டியல்லயே கிடையாது. நம்ம ஊர்ல முதல்ல வர்றதே புத்திமதிதான், என்ன பண்றது.

இங்க பேசுறவங்களுக்குத் தெரியாம இருக்கலாம், அதனால சொல்றேன். 2014ல இருந்து 10 முதல் 19 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குன்னே மத்திய அரசோட ஒரு வளரிளம் பருவ நலத் திட்டம் இருக்கு. அதுல ஆஸ்பத்திரியில தனி கிளினிக், ஊர்ப் பிள்ளைகள்லயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து மத்தவங்களோட பேச வைக்கிறது எல்லாமே இருக்கு. மாவட்ட மனநலத் திட்டக் குழு இருக்கு. சிவகங்கை மெடிக்கல் காலேஜ் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குன்னாலும் அரசோட மனநல உதவி எண் 14416க்குப் போன் போடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். 2022 அக்டோபர்ல வந்தது. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா குழந்தைகள் உதவி எண் 1098.

இதெல்லாம் இருந்தும் பிள்ளைங்க வர்றதில்ல. ஓ.பி. சீட்டுல மனநலம்னு எழுதிட்டா அடுத்த தெருவுக்குத் தெரிஞ்சிடும்னு பயம். பொம்பளப் பிள்ளைன்னா கேட்கவே வேண்டாம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விசாரிப்பாங்கன்னு ஆத்தாவே தடுத்துடும். இன்னொண்ணு, தற்கொலைக்கு முயற்சி பண்ணின பிள்ளையைக்கூட போலீஸ் கேஸ் ஆயிடும்னு மறைச்சு, தனியார் ஆஸ்பத்திரியாப் பார்த்துக் கொண்டு போறாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115வது பிரிவுப்படி அது கடுமையான மன அழுத்தத்துல நடந்ததுன்னுதான் எடுத்துக்கணும், அதுக்காகத் தண்டிக்கக் கூடாது. சிகிச்சை கொடுக்கிறது அரசோட கடமை. இதை மட்டும் தெருத் தெருவா நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாலே போதும்ங்க.

பழைய காரைக்குடி

சட்டமெல்லாம் சரி. இந்தப் பிள்ளைகள்ட்ட சாவைப் பத்திப் பேசுனா, இல்லாத நினைப்பை நாமளே உண்டாக்குன மாதிரி ஆகாதா?

நர்ஸ் அக்கா

எல்லாரும் கேட்குற கேள்விதான் ஐயா. ஆகாது. "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?"ன்னு நேரா, பதறாம கேட்டா அந்த நினைப்பு புதுசா வராது. பல ஆராய்ச்சியில பார்த்துட்டாங்க. பெரும்பாலும் ஒருத்தர் கேட்டுட்டாங்களேன்னு அழுதுடுவாங்க. கேட்ட பிறகு தனியா விட்டுட்டு வந்துடக் கூடாது, அதுதான் முக்கியம்.

வளவுக்காரன்

படிக்கப் படிக்க முகாமைக் கைவிடலாம்னு தோணுது. இப்படிச் செஞ்சா என்ன? ஊர்க்காரங்களைக் கேட்டு, சிக்கல்ல இருக்குற பசங்க நாப்பது பேரை லிஸ்ட் எடுப்போம். அவங்களுக்கு மட்டும் தனியா வாராவாரம் வகுப்பு. கொடைக்கானலுக்குக்கூட ஒரு ட்ரிப் கூட்டிட்டுப் போகலாம்.

மதுரைக்காரி

அய்யோ, லிஸ்ட் மட்டும் வேண்டாம்ணே. அமெரிக்காவுல 1939ல இதே மாதிரி நல்ல மனசோட ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கேம்பிரிட்ஜ்-சாமர்வில்னு பேரு. வழி தவறக்கூடிய பையன்களுக்கு வீட்டுக்கே வந்து பேசுற ஆள், டியூஷன், கோடை முகாம்னு எல்லாம் கொடுத்தாங்க. முப்பது வருசம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்ங்கிற ஆய்வாளர் அவங்களைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தா, உதவி வாங்குன கூட்டம் உதவி வாங்காத கூட்டத்தை விட மோசமா இருந்துச்சு. முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவங்க நிலைமை இன்னும் மோசம். சிக்கல்ல இருக்குற பசங்களை மட்டும் ஒண்ணாக் கூட்டினா ஒருத்தன்ட்ட இருந்து ஒருத்தன் கத்துக்கிறான், யாரு பெரிய ரவுடின்னு போட்டி வருதுங்கிறதுதான் இதுக்கு அவங்க சொல்ற ஒரு காரணம்.

அது போக, நம்ம ஊர்ல லிஸ்ட் எடுத்தா ரகசியமா இருக்குமா? "செட்டியார் வீட்டு லிஸ்ட்டுல உம் மகன் பேரு இருக்காம்ல"ன்னு மறுநாளே சந்தைக்குப் போயிடும்.

ரெய்டர் தம்பி

நான் சொல்லலாம்னு இருந்தேன், அக்கா சொல்லிட்டாங்க. எங்க கபடி டீம்ல பதினாறு பேரு. அதுல யாருக்கு என்ன பிரச்சனைன்னு எனக்குத் தெரியும், ஆனா வெளிய யாருக்கும் தெரியாது. நல்லாப் படிக்கிறவனும் இருக்கான், படிப்பை விட்டவனும் இருக்கான். ஒருத்தன் ரெண்டு நாளு பிராக்டிஸுக்கு வரலன்னா வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவோம். ஒரு தடவை அப்படிப் போனப்ப, உள்ள தாப்பாளைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். "பெருநாழி மேட்ச்சுக்கு ஆள் பத்தல, வாடா"ன்னு கூட்டியாந்துட்டோம். மேட்ச்சே கிடையாது.

ஆனா அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியலண்ணே. அதைத்தான் யாராச்சும் சொல்லிக் கொடுக்கணும். மஞ்சுவிரட்டுக்கு மாடு வளர்க்குற செட்டு, சிலம்பம் செட்டு எல்லாம் இதே மாதிரிதான். ஆளு இருக்கு, வழிதான் தெரியல. இருக்குற செட்டுல ரெண்டு பேருக்குப் பயிற்சி கொடுங்க, நீங்க புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க வேண்டாம்.

டைப்பிங் டீச்சர்

கபடின்னா பையனுங்க வருவாங்க. பொண்ணுங்க எங்க வருவாங்க? வயசுக்கு வந்த பிள்ளையைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த வீட்டுல வெளிய விடுறாங்க?

நான் இருபது வருசமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துறேன். என்கிட்ட வர்ற பிள்ளைங்க லோயர், ஹையர் பாஸ் பண்ண வர்றாங்கன்னு ஊரு நினைக்குது. பாதிப் பேருக்கு வீட்டை விட்டு ஒரு மணி நேரம் வெளிய இருக்கணும், அதான் விஷயம். குரூப் ஃபோர் எழுதப் போறேன்னு சொன்னா அப்பாவும் தடுக்க மாட்டாரு. ஒரு பொண்ணு வாரக்கணக்கா ஒரே பாடத்தையே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தப்பே இல்லாம அடிக்கும், அடுத்த பாடத்துக்குப் போகச் சொன்னா போகாது. பாடம் முடிஞ்சா வகுப்பு முடிஞ்சிடும்னு பயம். நான் ஒண்ணும் கேட்கல, பக்கத்து மெஷின்ல உட்கார்ந்து என் பாட்டுக்கு ரிப்பனை மாத்திக்கிட்டு இருந்தேன். அதுவே பேச ஆரம்பிச்சுச்சு.

அதனால போர்டுல மனநலம்னு எழுதாதீங்க. டைப்பிங், தையல், டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங், எதையாவது எழுதுங்க. சனி ஞாயிறு காலையில வைங்க.

நர்ஸ் அக்கா

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. ஒரு எச்சரிக்கை மட்டும். பேச வர்ற பிள்ளைகிட்ட "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிடாதீங்க. பதினெட்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளை, தன்கிட்ட ஒருத்தன் பாலியல் ரீதியாத் தப்பா நடந்தான்னு சொல்லிட்டா, போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி தெரிஞ்சுக்கிட்ட யாராயிருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும். சொல்லலன்னா நம்ம மேல கேஸ் வரும். உயிருக்கு ஆபத்துன்னாலும் மறைக்க முடியாது. ஆரம்பத்துலயே "உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யுறவங்ககிட்ட சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்"னு பேசிடணும். பிள்ளைங்க அதை ஏத்துக்கும். சத்தியம் பண்ணிட்டு மீறுனாத்தான் திரும்பி வராது.

ஓய்வு வாத்தியார்

யார் பொறுப்பில் நடக்கும் என்பதையும் பேசிவிடுங்கள். ஆர்வக் கோளாறில் வருகிறவர்கள் மூன்று மாதத்தில் காணாமல் போவார்கள். ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் என்று தொடங்கி ஆடி மாதத்தோடு நின்றுபோனதை எல்லாம் பார்த்தவன் நான்.

மதுரைக்காரி

வாத்தியார் ஐயா தொட்டதுதான் இதுல பெரிய ஆபத்து. பெரியவர் ஒருத்தரையும் பிள்ளை ஒண்ணையும் சேர்த்து விடுற பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்னு ஒரு திட்டம் அமெரிக்காவுல இருக்கு. அதைப் பத்தி 2002ல வந்த ஆய்வுல, ஒரு வருசத்துக்கு மேல நீடிச்ச உறவுலதான் பிள்ளைகளுக்கு நல்ல பலன் கிடைச்சுது. மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சு போன இடத்துல அந்தப் பிள்ளையோட தன்மதிப்பு முன்னாடி இருந்ததை விடக் கீழ போயிடுச்சு. ஏற்கெனவே நாலு பேரு விட்டுட்டுப் போன பிள்ளைக்கு நாம அஞ்சாவது ஆளா ஆகக் கூடாது.

அதனால அண்ணே, டீ-ஷர்ட்டுக்கும் பேச்சாளருக்கும் ஒதுக்கின பணத்தைச் சம்பளமாப் போடுங்க. உள்ளூர்ல ஒரு பொண்ணு, ஒரு பையன். இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு, டிகிரி முடிச்சு வீட்டுல இருக்குறவங்க போதும். ரெண்டு வருசத்துக்கு மாசச் சம்பளம். ஓசியில வேலை வாங்காதீங்க. அவங்களுக்கு முறையான பயிற்சி, மாசம் ஒரு தடவை மேல இருந்து ஒருத்தர் வந்து அவங்க பார்த்த பிள்ளைகளைப் பத்திக் கேட்டு வழி சொல்லணும். அந்த வேலையை நான் பார்க்கிறேன், பஸ் காசு கொடுத்தாப் போதும். கபடி டீமுக்கும் நானே வந்து உட்கார்றேன்.

ஐரோப்பாவுல நடிச்சுப் பேச வச்ச திட்டம் மொத்தமே அஞ்சு மணி நேரம்தான், நாலு வாரத்துல முடிஞ்சுது. அப்ப ஒரு நாள் முகாமும் பலிக்குமேன்னு யாராச்சும் கேட்பீங்க. அதுல பேசுனது பிள்ளைங்க. ஒரு வகுப்பு அளவு கூட்டம், வாராவாரம் திரும்ப வந்தாங்க. பொங்கல் லீவுல முகாம் வச்சே ஆகணும்னா முப்பது பேரோட அதை மாதிரி ஒண்ணை ஆரம்பிச்சு வைக்கிறேன். மைக் கிடையாது.

பழைய காரைக்குடி

ரெண்டு வருசச் சம்பளம்னா முகாம் செலவை விடக் கூடவே ஆகுமே. எல்லாம் முடிஞ்சு எவனும் வரலன்னா?

வளவுக்காரன்

ஆகட்டும் அண்ணே. பள்ளிக்கூடம், காலேஜ்னு நம்ம ஆளுங்க கட்டாததா? கட்டடத்துக்குக் கொடுக்குறப்ப யாரும் கணக்குக் கேட்கல. சம்பளத்துக்குக் கொடுக்கணும்னாத்தான் எல்லாருக்கும் கை இழுக்குது, எங்க பங்காளிகள் உட்பட.

நேத்து போன்ல பேசினேன். வீட்டு முன்பக்கம் முகப்பும் பட்டாலையும் கொடுக்க சம்மதம், உள் முற்றத்துப் பக்கம், அதான் வளவுக்குள்ள, மட்டும் யாரும் போகக் கூடாதுன்னு ஒரே பிடி. பெரியப்பச்சி மகன் ஒருத்தர் இன்னும் கையெழுத்துப் போடல. வீட்டுல காலை மாலை ரெண்டு நேரமாப் பிரிச்சுக்கலாம். காலையில டைப்பிங்கும் கோச்சிங்கும், சாயங்காலம் பசங்க. சம்பளத்துக்கு ஒரு வருசத் தொகையை இப்பவே பேங்குல போட்டுடுறோம், ரெண்டாம் வருசத்துக்கு எழுத்துல உறுதி. மதுரைக்காரி ஆச்சி, பயிற்சிக்கு எத்தனை நாள் வேணும்னு தனி மடல்ல சொல்லுங்க.

புதுவயல் மக

மில்லுப் பசங்களுக்கு ஷிப்ட் முடிய எட்டு மணி ஆயிடும். ஞாயித்துக்கிழமைதான் லீவு. அதுக்கு ஏத்த மாதிரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைங்க. மேஸ்திரிகளை ஒரு நாளு கூப்பிட்டு அந்த மூணு வேலையைச் சொல்லிக் கொடுத்தா நல்லது. எங்க மாமன் பையனோட மேஸ்திரியை நான் கூட்டிட்டு வர்றேன்.

டைப்பிங் டீச்சர்

மெஷின் நாலு தரேன், இங்கிலீஷ் ரெண்டு, தமிழ் ரெண்டு. மேசை நீங்க பார்த்துக்கணும், பழைய கல்யாண டேபிள் ஆடும், அது ஆகாது. பொண்ணுங்களுக்குத் தனியா பாத்ரூம் இருக்கா? உள்ளுக்குத் தாப்பாள் சரியா விழுதான்னு ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. அது இல்லன்னா ஒரு பிள்ளையும் வராது.

வளவுக்காரன்

முகப்புப் பக்கம் ஒண்ணு இருக்கு, வாளித் தண்ணிதான். பைப் லைன் இழுக்கவும் தாப்பாள் மாத்தவும் நாளைக்கே பிளம்பரை அனுப்பச் சொல்றேன்.